கேட்டு இயக்கியவர்

ஆளில்லாத வீடு என்பது ஊரறிந்த செய்தியாக இருக்கும். வாயிற்கதவில் பூட்டுத் தொங்கும். படிக்கட்டின் இடுக்கில் எருக்கு முளைத்திருக்கும். அத்தகைய வீட்டின் கொல்லையில் காற்றுக்கு ஒடிந்து விழுந்த முருங்கைக் கிளையிலிருந்து ஒரு பிடி கீரை பறிக்க வேண்டுமென்றாலும், நான் சொல்லவந்த அம்மையார் முதலில் வாயிலுக்குச் சென்று நிற்பார். "ஊட்டுல யாருங்க?" என்று குரல் கொடுப்பார். மறுமொழி வாராதென்று அறிந்தும் சற்றே பொறுத்திருப்பார். பிறகு கீரையைத் தொடாமல் திரும்பிவிடுவார்.

எவருமில்லை என்று தெரிந்திருந்தும் எதற்காக அழைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லைங்கறத நாமளா முடிவு பண்ணக் கூடாதுங்கய்யா. அத அவங்கதான் சொல்லோணும்" என்றார்.

இல்லாதவர் தாம் இல்லை என்று எங்ஙனம் சொல்வார்? அந்த வினாவை நான் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால், "அதுக்காகத்தான் கொஞ்ச நேரம் நிக்கறனுங்க" என்றே விடையிறுத்திருப்பார்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் செல்லும் சாலையில் அவர்தம் கோழிப்பண்ணை இருந்தது. பண்ணையையும் முட்டை வணிகத்தையும் கணவர் பார்த்துக்கொண்டார். தீவனக் கிடங்காக இருந்து ஒழிந்த நீண்ட அறையொன்றை அம்மையார் தமக்கென எடுத்துக்கொண்டு, அதில் பழங்கணினிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். மக்காச்சோளத் தூளும் கருவாட்டுத் தூளும் கலந்த மணம் சுவரை விட்டு அகலாத அந்த அறையில், பச்சை எழுத்து மின்னும் திரைகளும், தட்டினால் கடகடக்கும் விசைப்பலகைகளும் உயிரோடு இருந்தன. மணமாகுமுன் நாமக்கல்லில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் அவர் ஆசிரியையாக இருந்தவர். உலகம் கைவிட்ட பொறிகளைச் செப்பனிட்டு, உலகம் கைவிட்ட கணினி நிரல்களை அவற்றில் இயக்கிப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. நெகிழ்வட்டுகளில் உறைந்துபோன என் பழைய கட்டுரைகள் சிலவற்றை மீட்டுத் தருவார் என்று யாரோ கூறக் கேட்டு, பணி ஓய்வுக்குப் பின் அங்கே சென்றேன். கட்டுரைகள் மீண்டன. அவை மீளாதிருந்தாலும் தமிழுக்கு இழப்பில்லை என்பது அன்று விளங்கிற்று. ஆயினும் ஞாயிறுதோறும் அங்கே செல்லும் பழக்கம் எனக்கு நிலைத்துவிட்டது.

அவ்வறையில் இரண்டு அடுக்குகள் இருந்தன. வலப்புற அடுக்கில் இருந்த நிரல்களை எவரும் எடுத்து இயக்கலாம். இடப்புற அடுக்கின்மேல் வெள்ளை வேட்டி ஒன்று திரையாகத் தொங்கியது. அதனுள் இருந்தவை, ஆக்கியோரின் இசைவு கிட்டாத நிரல்கள். அவற்றையும் ஈரம் அண்டாமல், பூஞ்சை பிடியாமல் மாதந்தோறும் துடைத்து வைப்பார். ஆனால் இயக்கமாட்டார்; பிறரை இயக்க விடவும் மாட்டார்.

"வெச்சிருக்கறது வேற, ஓட்டறது வேறங்க. அடுத்தவங்க கொழந்தைய மழையில நனையாம எடுத்து வெச்சுக்கலாம். பேரு வெக்க முடியுங்களா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருபவர்களுள் தங்கவேல் என்பவர் ஒருவர். சங்ககிரியில் சரக்குந்துகள் வைத்திருந்தார். (நான் 'சரக்குந்து' என்னும்போதெல்லாம், "அய்யா, அந்தப் பேரச் சொன்னா எங்க வண்டியே திரும்பிப் பாக்காதுங்க" என்பார்.) பழைய மகிழுந்துப் பந்தய விளையாட்டொன்று அவருக்கு உயிர். அது இடப்புற அடுக்கில் சிறையிருந்தது.

"கம்பெனியே இல்லீங்கக்கா. மூடீட்டுப் போயிட்டான். கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தவன் இங்க வந்து நம்மளக் கேஸு போடப் போறானுங்களா?"

"கேஸு போடமாட்டான்னா எடுத்துக்கலாமுங்களா தங்கவேலு? ரோட்டோரம் பிரேக்டவுனாகி நிக்கற லாரியில நீங்க டயரக் கழட்டுவீங்களா?"

"மத்தவன் கழட்டறதுக்குள்ள கழட்டுவனுங்க."

அம்மையார் சிரித்துவிட்டார். வேட்டி மட்டும் விலகவில்லை.

இத்தகைய நிரல்களைக் 'கைவிடப்பட்டவை' என ஆர்வலர்கள் வழங்குகின்றனர். சட்டம் அப்படியொரு வகையை அறியாது. நிறுவனம் மறையலாம், விற்பனை நிற்கலாம், ஆக்கியவரே தம் ஆக்கத்தை மறக்கலாம். உரிமை எவரேனும் ஒருவர் கையில், அவர் அறிந்தோ அறியாமலோ, அவர் வாழ்நாளுக்கும் அப்பால் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். வழக்குத் தொடுக்க ஆளில்லை என்பது இசைவாகிவிடாது. இவ்வளவும் நாமக்கல் வழக்கறிஞர் ஒருவர் எனக்கு விளக்கியவை. ஆனால் இயக்காத நிரல் மெல்ல அழியும் என்பதும் உண்மை. காந்தப் பூச்சு உதிர்ந்த வட்டில் உரிமையும் இராது, நிரலும் இராது. காப்பாற்ற விரும்புவோர் மீறுகின்றனர், மீறாதோர் இழக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே அம்மையார் கண்டுகொண்ட வழி, தேடிச்சென்று கேட்பது. நிரலின் கையேட்டில், கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயரருகில் ஏதேனும் ஒரு முகவரி இருக்கும். அங்கிருந்து தொடங்குவார். செல்லும்போது, முட்டைகள் அடுக்கிய அட்டை ஒன்று கையில் இருக்கும்.

"வெறுங்கையோட போயி 'குடு'ன்னு நிக்கறதுங்களா?"

ஆத்தூரில் ஒருவரைக் கண்டுபிடித்தது நினைவிருக்கிறது. சாதகம் கணிக்கும் நிரலொன்றை இளமையில் எழுதியவர். அந்நாளில் சேலம் வட்டாரத்துச் சோதிடர் பலர் அதைப் பயன்படுத்தினர். அம்மையார் சென்று இசைவு கேட்டதும் அம்முதியவர் நெடுநேரம் நகைத்தாராம்.

"அதை இன்னுமா வச்சிருக்கீங்க? தாராளமா ஓட்டும்மா. ஆனா ஒண்ணு, அதுல ஒரு தப்பு இருக்கு. ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல, விடியறதுக்குள்ள பொறந்தவங்கள முந்தின நாளுக்குப் பதிலா மறுநாள் கணக்குல போட்டுடும். நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள எல்லாப் பயலும் காப்பி எடுத்துட்டான். யாருன்னு தெரிஞ்சாத்தானே திருத்திக் குடுக்க முடியும்?"

அம்மையார் இதை அறையில் வந்து சொன்னபோது, தங்கவேல் இருக்கையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அக்கா, நாம் பொறந்தது விடியக்காலம். எனக்குச் சாதகம் எடுத்தது அந்தச் சாப்ட்வேர்லதானுங்க. பத்துப் பொருத்தமும் இருக்குன்னு கட்டி வெச்சாங்களே! அதான பாத்தேன், ஊட்டுல ஒரு பொருத்தத்தையும் காணமேன்னு!"

அவருடைய மனைவியின் காதுக்கும் இச்செய்தி எட்டியது. "எனக்கும் இப்பத்தான் நிம்மதி" என்று அவர் கூறியதாகக் கேள்வி.

கேட்காமல் எடுத்தவர்களுக்கு நிரல் கிடைத்தது. கேட்டவருக்குப் பிழையும் தெரிந்தது. அம்மையாரின் நெறிக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டாம் என்று அப்பொழுது எண்ணினேன்.

இந்நெறி அவருக்கு எங்கிருந்து வாய்த்தது என்பதைப் பற்றி என்னிடம் ஒரு கருத்து இருந்தது. மோகனூர்ப் பக்கம் அவருடைய பிறந்தகத்தில் ஒரு கூட்டுக்கிணறு. பங்காளிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர். அவர்களுள் ஒருவர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பிழைக்கச் சென்றுவிட்டார். அவ்வாண்டு கோடையில் சோளம் வாடியது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது சென்றவரின் முறை. அம்மையாரின் தந்தை மின்பொறியைத் தொடவில்லை. பேருந்தேறித் திருப்பூர் சென்று, ஆளைத் தேடிப்பிடித்து, "ஓட்டிக்க" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"அதுக்குள்ள பாதிப் பயிர் காஞ்சு போச்சுங்க" என்றார் அம்மையார்.

"பெருத்த இழப்பு."

"மீதிப் பாதி எங்களுதாச்சுங்களே."

இந்த விடையில் நான் உள்ளம் நிறைந்தவனாய் நெடுங்காலம் இருந்தேன். காய்ந்த பாதியைப் பற்றி மேலும் வினவியிருக்க வேண்டும் என்று தோன்றியது, அர்த்தநாரியின் செய்தி வந்த பிறகுதான்.

அர்த்தநாரி என் நண்பர். திருச்செங்கோட்டில் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். ஓய்வுநேரமெல்லாம் சரக்குந்துப் பட்டறைகளிலும், நிலத்தைத் துளைத்து நீர் காணும் வண்டிகளின் கொட்டகைகளிலும் சென்று அமர்ந்து, அங்கே புழங்கும் சொற்களைத் திரட்டினார். ஆங்கிலம் தேய்ந்து, உருமாறி, கொங்குத் தமிழாகவே ஆகிவிட்ட சொற்கள். நான் களையென்று பிடுங்கி எறிய நினைத்தவற்றை அவர் பயிரென்று காத்தார். இது குறித்து எங்களுக்குள் ஓயாத பூசல் உண்டு. ஆயினும் அவ்வகராதி அவருடைய வாழ்நாள் உழைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் அதைத் தட்டெழுதியது ஒரு பழைய தமிழ் எழுத்து நிரலில். முறையாகப் பணம் கொடுத்து வாங்கியது. கணினியின் பின்புறம் சிறு கட்டைபோன்ற ஒரு பூட்டைச் செருகினால்தான் அந்நிரல் இயங்கும். அதன் கோப்புகளைப் பிறிதொரு நிரலால் படிக்கவும் இயலாது. அவருடைய மனைவி நல்லம்மாள், ஆயுத பூசைதோறும் கணினிக்குப் பொட்டு வைக்கையில், அப்பூட்டுக்கும் மறவாமல் சந்தனம் அப்பினார். கணவர் அதனைப் 'பூட்டு' என்று சொன்னதால், வீட்டுப் பூட்டுக்கும் பெட்டிப் பூட்டுக்கும் செய்யும் சிறப்பை அதற்கும் செய்தார். ஆண்டாண்டாக ஊறிய சந்தனம் உள்ளிருந்த ஊசிகளை அரித்துவிட்டது. ஒரு பூசைக்குப் பின் பூட்டு திறக்கவில்லை. ஆக்கிய நிறுவனமோ என்றோ மூடப்பட்டிருந்தது. கோப்புகள் உள்ளே, அர்த்தநாரி வெளியே.

அதன்பின் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, பேச்சுக் குழறியது. சொற்களைத் திரட்டியவர் சொல்லுக்குத் தடுமாறினார். மீண்டும் தொகுப்பதென்பது இயலாதது. கண்ணும் அறிவும் இருக்கும்போதே அந்நூலை அச்சில் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே அவருக்கு எஞ்சிய விருப்பம். நல்லம்மாள், நிரலும் கோப்புகளும் இருந்த நெகிழ்வட்டுகளைத் தூக்குப்போசியில் வைத்து அம்மையாரிடம் கொண்டுவந்தார்.

"அம்மிணி, எப்படியாச்சும் தொறந்து குடு சாமி. பொட்டு வெச்சுக் கெடுத்தவ நானு. அவரு அதச் சொல்லிக் காட்டக்கூட இப்ப வாயி வரமாட்டேங்குது."

தங்கவேல் அங்கேயே இருந்தார். "இதென்னுங்க பெரிய வேல? பூட்ட ஒடைச்ச காப்பி நெட்டுலயே கெடக்குது. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள தொறந்துரலாமுங்க" என்றார்.

அம்மையார் வட்டுகளை வாங்கிக்கொண்டார். "எழுதுனவரு எங்க இருக்கறாருன்னு பாத்துட்டு வந்தர்றனுங்க" என்றார்.

அந்நிரலை எழுதியவர் இருந்தது இளம்பிள்ளையில். பட்டுச் சேலைகளை மொத்தமாக விற்கும் கடை நடத்திக்கொண்டிருந்தார். தங்கவேலின் வண்டியில் மூவரும் சென்றோம். தங்கவேல் வண்டியிலேயே இருந்துவிட, முட்டை அட்டையுடன் அம்மையாரும் நானும் கடையினுள் நுழைந்தோம். சேலைக் கட்டுகளிடையே அமர்ந்திருந்த அம்மனிதர், நிரலின் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த சேலையை மடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார்.

"நீங்க கம்ப்யூட்டர் ஃபீல்டுங்களா?"

"முன்னாடி நாமக்கல்லுல சென்டர்ல சொல்லிக் குடுத்துட்டு இருந்தனுங்க."

"அங்க எம்பட சாப்ட்வேர் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"வாங்குனதுங்களா?"

அம்மையார் குரலைத் தாழ்த்தவில்லை. "இல்லைங்க. பூட்ட ஒடைச்ச காப்பிதானுங்க. அதுலதான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"சேலம், நாமக்கல், ஈரோடு, எந்தக் கடையில பாத்தாலும் அதுதானுங்க ஓடுச்சு. கல்யாணப் பத்திரிகையில எம்பட எழுத்து. பஸ் டிக்கெட்டுல எம்பட எழுத்து. பணம் கட்டி வாங்குனவங்கள விரல் விட்டு எண்ணீரலாம். எம்பட கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சவனே திருட்டுக் காப்பியில அடிச்சானுங்க." அவர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "அப்பக் கேக்காம இருந்துட்டு, இப்ப எதுக்குங்க வந்து கேக்கறீங்க?"

"அப்பக் கேக்காததுனாலதானுங்க."

கிணற்றுக் கதை எனக்குப் போதுமானதாக இருந்தது எத்துணைப் பேதைமை என்பது அப்போது தெரிந்தது.

"எனக்கு அது வேண்டாமுங்க. அத யாரும் ஓட்டவும் வேண்டாம். செத்தது செத்ததாவே இருக்கட்டும். முட்டைய எடுத்துட்டுப் போயிருங்க."

அர்த்தநாரியின் நிலையை எடுத்துரைக்கலாமென நான் வாய் திறந்தேன். அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையை மெல்ல அசைத்தார், வேண்டாம் என்று. பிறகு அவரை வணங்கிவிட்டு வெளியே நடந்தார்.

வண்டியில் தங்கவேல் கொதித்துவிட்டார். "வாத்தியாரு படுத்த படுக்கையா இருக்கறாருன்னு ஒரு வார்த்தை சொல்லீருந்தா அவரு குடுத்திருப்பாருங்கக்கா!"

"குடுத்திருப்பாருங்க. அதுனாலதான் சொல்லல."

"என்னுங்க இது நாயம்?"

"நோவாளியக் காட்டுனா அவரு எப்படிங்க வேண்டாம்னு சொல்லுவாரு? வேண்டாம்னு சொல்ல முடியாத எடத்துல நிக்க வெச்சுட்டு வாங்கறது கேட்டு வாங்குனதாகுமுங்களா? அதுக்கு ஒடைச்சே எடுத்துக்கலாம்."

சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிந்தது. முட்டை அட்டை என் மடியில் இருந்தது.

நான் வழக்கறிஞரை மீண்டும் அணுகினேன். பணம் கொடுத்து வாங்கியவர், தாம் வாங்கிய படியைத் தம் பயனுக்கு இயக்கிக்கொள்ளத் தேவையானதைச் செய்வதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அர்த்தநாரி அஞ்ச வேண்டியதில்லை என்று அவர் கூறினார். இதை அம்மையாரிடம் சேர்ப்பித்தேன்.

"சட்டம் உடுதுங்க. அவரு உடலியேங்கய்யா" என்றார்.

"கேட்டுத்தானுங்க கெடுத்தீங்க. கேக்காமயே இருந்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல" என்றார் தங்கவேல். அது உண்மை. மறுப்பைக் கேட்க ஆயத்தமில்லாதவர் கேட்பது வெறும் சடங்கு. ஆயத்தமாக இருப்பவர் கேட்டால், அதற்குரிய விலையை எப்போதும் கேட்டவரே கொடுப்பதுமில்லை.

அம்மையார் மேற்கொண்ட வழி வேறு. நிரல் இளம்பிள்ளைக்காரருடையது; கோப்பு அர்த்தநாரியுடையது. ஆகவே நிரலை இயக்காமல், கோப்பில் எண்களாகக் கிடந்தவற்றை நேரடியாக எழுத்தாக்குவது. அர்த்தநாரி முன்பு அச்சிட்டு வைத்திருந்த சில பக்கங்கள் கிடைத்தன. அவற்றை நான் உரக்கப் படிக்க, அவர் எண்களோடு ஒப்பிட்டு எந்த எண் எந்த எழுத்து என்று கண்டார். 'சேசு', 'ஆக்சிலு', 'டிங்கரிங்', 'லோடுமேன்' என்று என் வாயாலேயே நான் ஓதவேண்டி வந்தது. தங்கவேல் அதைக் கேட்பதற்காகவே வேலையை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருப்பார். "அய்யா, இன்னொருக்கா சொல்லுங்க. டிங்கரிங்! ஆகா, தேவாரமாட்டம் இருக்குதுங்க!"

எழுத்துகள் விரைவில் தெளிந்தன. இடர் வேறிடத்தில் இருந்தது. அந்நிரல், திருத்திய பகுதிகளையெல்லாம் கோப்பின் கடைசியில் ஒட்டிவைத்து, பழையவற்றையும் அழிக்காமல் விட்டிருந்தது. ஒரு சொல்லுக்கு மூன்று விளக்கங்கள் கிடக்கும். எது இறுதியானது என்பது கோப்பில் இல்லை, அர்த்தநாரியின் தலையில் இருந்தது. எனவே அம்மையார் திருச்செங்கோட்டுக்குச் சென்று, கட்டிலருகே அமர்ந்து, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். சரியானதற்கு அவர் இடக்கையைத் தூக்குவார். தை மாதத்தில் தொடங்கிய இப்பணி சித்திரையிலும் முடியவில்லை. அர்த்தநாரி அந்நாள்களில் முகம் தெளிந்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். நல்லம்மாள் தெளியவில்லை.

"உன்ர நாயமெல்லாம் நல்ல நாயந்தான் அம்மிணி. அது எம் புருசனுக்கு முந்தி முடியுமா?"

அம்மையார் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மறுநாளும் வந்தார்.

வைகாசியில் இரண்டாம் முறையாக வாதம் தாக்கியது. உயிர் தங்கியது, எழுத்தைக் காணும் ஆற்றல் போய்விட்டது. கண் பார்க்கும், எழுத்து எழுத்தாகத் தோன்றாது என்றார் மருத்துவர். எஞ்சிய பகுதியில் எது இறுதி விளக்கம் என்பதை அம்மையாரும் நானும் உய்த்துணர்ந்தே முடித்தோம். ஆடியில் நூல் வெளிவந்தது. முன்னுரையை நான் எழுதினேன். எழுதப்பட்டது எவருடைய நிரலில் என்பதை அதில் குறிக்க வேண்டுமென்று அம்மையார் வற்புறுத்தினார். அர்த்தநாரி நூலை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, அட்டையை இடக்கையால் தடவினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நல்லம்மாள் அதை வாங்கி நேராக்கித் தந்து, பக்கத்தில் அமர்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினார். அம்மையார் கொண்டுசென்ற முட்டைகளை நல்லம்மாள் ஏற்கவில்லை. பின்னரும் ஏற்றதில்லை.

அந்நூலின் படியொன்றை அம்மையார் இளம்பிள்ளைக்கு எடுத்துச் சென்றார். நிரலை இயக்கவில்லை, கோப்பை மட்டுமே படித்தோம் என்று தெரிவிப்பதற்காக. கடைக்காரர் வேறு வேலையாக இருந்ததால், நூலை மேசைமேல் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறன்று நாங்கள் மூவரும் அறையில் இருந்தபோது, பண்ணையின் கம்பிக்கதவருகே யாரோ குரல் கொடுப்பது கேட்டது. "ஊட்டுல யாருங்க?" கதவு திறந்தே இருந்தது, வந்தவர் உள்ளே வரவில்லை. அம்மையார் சென்று அழைத்து வந்தார். இளம்பிள்ளைக்காரர். கையில் அந்நூல்.

"எங்கிட்ட ஒரு பிளாப்பி கூட இல்லீங்க. கம்பெனிய மூடுனப்ப எல்லாத்தையும் குப்பைவண்டியில ஏத்தி உட்டுட்டேன். உங்ககிட்ட இருக்கற காப்பிய ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்களா?"

"உங்களுதுங்க அது. எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க?"

"கம்ப்யூட்டர் பெட்டி உங்களுதுங்களே."

அம்மையார் வேட்டித் திரையை விலக்கி, அர்த்தநாரியின் வட்டை எடுத்துக் கொடுத்தார். திரையில் பூட்டைக் கேட்கும் வரி வந்தது. இளம்பிள்ளைக்காரர் ஒரு கணம் கண்ணை மூடியிருந்து, தாம் மட்டுமே அறிந்த விசைகள் சிலவற்றைச் சேர்த்து அழுத்தினார். நிரல் திறந்தது. அகரம் ஒன்றைத் தட்டினார். தாம் வரைந்த அவ்வெழுத்தின் சுழியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அகராதிக் கோப்பைத் திறந்தார். திருத்திய சொற்கள் திருத்தியபடியே, விளக்கங்கள் இறுதியானபடியே, பக்கம் பக்கமாக வந்து நின்றன. தையிலிருந்து ஆடிவரை செய்தது முழுவதும், மூச்சு விடும் நேரத்தில். நாங்கள் உய்த்துணர்ந்தவற்றுள் சில பிழை என்பதும் தெரிந்தது.

"இதுக்காகத்தானுங்களா அன்னிக்கு வந்தீங்க?"

"ஆமாங்க."

"வாத்தியாரு எப்படி இருக்கறாருங்க?"

நான்தான் சொன்னேன். இம்முறை அம்மையார் தலையசைத்துத் தடுக்கவில்லை. வந்தவர் கேட்டு முடித்துவிட்டு அம்மையாரை ஏறிட்டுப் பார்த்தார். "அத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்றார். குரலில் சினமிருந்தது, கண் நிறைந்திருந்தது. அர்த்தநாரியின் பொருட்டு அம்மையார் வருந்தினாரா என்பதை நான் முகத்தில் தேடினேன். வருத்தம் இருந்தது. ஐயம் இருந்ததா என்று கூற என்னால் இயலவில்லை.

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டார். கொடுத்த முட்டை அட்டையை வாங்கிக்கொண்டார். வண்டி சாலையேறும் ஓசை அடங்கியதும், அம்மையார் வட்டை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, இடப்புற அடுக்கில் அதன் இடத்திலேயே வைத்தார்.

"ஏனுங்கக்கா, இன்னும் எதுக்குங்க அந்தப்பக்கம் வெக்கறீங்க? அவரே வந்து ஓட்டீட்டாருங்களே!" என்றார் தங்கவேல்.

"அவரு ஓட்டுனாருங்க. நம்மள ஓட்டச் சொல்லலியே."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லீருப்பாரு."

"அழுதுட்டு நிக்கறவருகிட்டயா கேக்கச் சொல்றீங்க?" என்றார் அம்மையார். வேட்டியை இழுத்துவிட்டு, அதன் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.